தமிழ்நாட்டில் கட்டணமில்லா உயர்கல்வி

கட்டணமில்லா உயர்கல்வி என்பது கல்லூரி, பல்கலைக்கழகப் படிப்புகளுக்கான கற்பிப்புக் கட்டணத்தை மாணவரிடம் பெறாமல் அரசே அச்செலவை ஏற்கும் முறை ஆகும். தமிழ்நாட்டில் இது ஒரே சட்டத்தால் அனைவருக்கும் வழங்கப்படவில்லை. வெவ்வேறு பிரிவினருக்கான சலுகைகளாகப் படிப்படியாக விரிந்தது. இது சிலருக்கான சலுகையாக இருந்தால் போதுமா, அனைவருக்குமான உரிமையாக வேண்டுமா என்பதே விவாதத்தின் மையம் ஆகும்.

சட்டப் பின்னணி

பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் பற்றிய 1966 ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கை, உயர்கல்வியைப் படிப்படியாகக் கட்டணமற்றதாக்கக் கோருகின்றது. இந்தியா 1979 இல் இதில் இணைந்தது. எனினும், 14 வயது வரையிலான கல்வியே அடிப்படை உரிமை என்றும், அதற்கு மேற்பட்ட கல்வி அரசின் பொருளாதார வலிமைக்கு உட்பட்டது என்றும் உன்னிகிருஷ்ணன் வழக்கில் (1993) உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

முக்கிய நடவடிக்கைகள்

* 2007-08: அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் இளநிலைப் படிப்புகளுக்குக் கற்பிப்புக் கட்டணம் நீக்கப்பட்டது.
* 2010-11: குடும்பத்தின் முதல் பட்டதாரிகளுக்குத் தொழிற்படிப்புகளில் கட்டணச் சலுகை அளிக்கப்பட்டது.
* 2021: பொறியியல் முதலிய படிப்புகளில் 7.5% முன்னுரிமை ஒதுக்கீட்டில் சேரும் அரசுப் பள்ளி மாணவர்களின் கற்பிப்பு, விடுதிக் கட்டணங்களை அரசு ஏற்கும் என அறிவிக்கப்பட்டது.
* 2022, 2024: அரசுப் பள்ளிகளில் பயின்று உயர்கல்வி பெறும் மாணவியருக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும், மாணவருக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வழங்கத் தொடங்கப்பட்டது.

கிருஷ்ணகிரி மாவட்டம்

கட்டண நீக்கத்தின் எல்லையைக் கர்நாடக எல்லையிலுள்ள ஓசூர்ப் பகுதியில் காணலாம். ஓசூரில் தனியார் பொறியியல் கல்லூரி 1987 இலேயே தொடங்கப்பட்டது. பர்கூரில் அரசு பொறியியல் கல்லூரி 1994 இல் உருவானது. கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி 2022 இல் திறக்கப்பட்டது. அரசு இடம் கிடைக்காதவருக்கும் மேற்கண்ட சலுகைகளுள் அடங்காதவருக்கும் தனியார் கல்லூரிக் கட்டணம் எஞ்சி நிற்கின்றது.

இன்னொரு செலவு கணக்கில் வருவதில்லை. ஓசூர்ப் பகுதியின் மின்னணுத் தொழிற்சாலைகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த இளம்பெண்களைப் பெருமளவில் பணியமர்த்துகின்றன. எளிய குடும்பத்து மாணவி கல்லூரியில் சேர்ந்தால், கட்டணம் ஏதும் இல்லாதபோதும், மூன்றாண்டு ஊதியத்தை இழக்கின்றார். மாத உதவித்தொகை இவ்விழப்பின் ஒரு பகுதியையே ஈடுசெய்யும்.

ஆதரவு வாதங்கள்

பட்டதாரிகளால் சமூகம் முழுவதும் பயனடைகின்றது. எனவே செலவையும் சமூகமே ஏற்க வேண்டும் என்பது முதன்மை வாதம். வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று போன்றவற்றைப் பெற அலைய வேண்டிய நிலையும் நீங்கும்.

எதிர் வாதங்கள்

பணம் செலுத்த இயன்றவருக்கும் வரிப்பணம் செல்லும். பள்ளியிலேயே இடைநின்ற ஏழைகளுக்குப் பயன் கிட்டாது. நிதி உயராமல் கட்டணம் மட்டும் நீங்கினால் இடங்களும் ஆசிரியர்களும் குறையலாம் எனவும் வாதிடப்படுகின்றது.

பிற நாடுகள்

இலங்கையில் 1945 முதல் பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. ஆயினும் அரசுப் பல்கலைக்கழக இடங்கள் குறைவாதலால் தகுதி பெற்ற பலர் அனுமதி பெறுவதில்லை. இங்கிலாந்து 1998 இல் கட்டணத்தை அறிமுகப்படுத்தியது. செருமனியின் சில மாநிலங்கள் விதித்த பொதுக் கட்டணம் 2014 இல் முற்றிலும் கைவிடப்பட்டது.