காபி நிறத்தில் கொஞ்சம் ஈயம்

டாக்டர் முதலில் ‘நாக்கை நீட்டுங்க’ என்பார். மெக்கானிக்கும் அப்படித்தான். வண்டியின் நாக்கு எது தெரியுமா? ஸ்பார்க் ப்ளக்!

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மயிலாப்பூர் மாடவீதி பக்கம் ஒரு மரத்தடி மெக்கானிக் இருந்தார். அப்பாவின் புல்லட் மக்கர் பண்ணினால் அவரிடம்தான் போவோம். ப்ளக்கைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்ப்பார். கரி படிந்து கறுப்பாக இருந்தால், ‘பெட்ரோல் ஜாஸ்தி குடிக்குது சார்!’ கறுப்போடு எண்ணெய்ப் பிசுக்கும் இருந்தால், ‘ரிங் போயிருச்சு, ஆயில் மேலே ஏறுது.’ சுண்ணாம்பாக வெளுத்திருந்தால் முகம் மாறிவிடும். பெட்ரோல் குறைவு, காற்று அதிகம், இன்ஜினில் சூடு ஏறுகிறது என்று அர்த்தம். அப்படியே ஓட்டினால் பிஸ்டனே ஓட்டையாகலாம். திக்கான டிகாஷனில் கலந்த காபி நிறம் என்றால் மட்டும், ‘நம்பர் ஒன் சார்!’

அந்த காபி நிறத்துக்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது.

ஜெர்மனியில் ராபர்ட் பாஷ் கம்பெனியின் இன்ஜினீயர் காட்லோப் ஹோனோல்ட், உயர் அழுத்த மின்சாரத்தில் பொறி தரும் ப்ளக்கை உருவாக்கியது 1902-ல். அப்போது பெட்ரோலில் ஈயம் கிடையாது. 1921-ல் அமெரிக்காவின் தாமஸ் மிட்ஜ்லி, ஒரு ஈயக் கலவையைத் துளி சேர்த்தால் இன்ஜின் ‘டக டக’வென்று தட்டுவது நின்றுவிடுவதைக் கண்டுபிடித்தார். 1923-ல் விற்பனையே தொடங்கிவிட்டது. மறுவருடம் நியூஜெர்சியில் அதைத் தயாரித்த ஆலையில் ஐந்து தொழிலாளர்கள் ஈய விஷத்தால் இறந்தார்கள். வியாபாரம் நிரந்தரமாக நின்றதா? இல்லை. உலகம் முழுக்கப் பரவியது.

திருவொற்றியூரில் தயாரான புல்லட்டும் அந்த ஈயப் பெட்ரோலைக் குடித்துத்தான் ஓடியது. எரிந்த ஈயத்தில் பெரும்பகுதி புகையோடு தெருவுக்கு வரும். கொஞ்சம் ப்ளக்கிலேயே தங்கும். மெக்கானிக்குகள் மெச்சிய பழுப்பில் ஒரு பங்கு அதனுடையது!

1995-ல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களுக்கு ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுக்க அதுதான். உலகின் கடைசி நாடாக அல்ஜீரியா கைவிட்டது 2021-ல்.

ஆகவே, பழைய புல்லட் வைத்திருப்பவர்களே... ப்ளக் கொஞ்சம் வெளிறியிருக்கிறது என்று உடனே கார்பரேட்டரைத் திருகாதீர்கள். இன்றைய பெட்ரோலில் பழைய நிறம் ஏறுவதில்லை. பீங்கான் கொப்புளித்திருக்கிறதா, உலோகத் துகள் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால்தான் ஆபத்து.

எனக்கு வேறொரு கணக்கு மனசில் ஓடுகிறது. சின்ன வயதில் புல்லட்டின் டேங்க் மேல் உட்கார்ந்து, தி.நகர் பனகல் பார்க் சிக்னலில் எத்தனை மாலைகள் புகையைச் சுவாசித்திருப்பேன்? ஈயம் முதலில் தாக்குவது குழந்தைகளின் மூளையைத்தான். அன்று எங்கள் வண்டியின் ப்ளக் ‘நம்பர் ஒன்’.

என் நுரையீரலைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை!