இடுப்பில் கட்டிய கயிறு

கப்பலின் மேல்தளத்தில் சட்டம் நிறுத்தி, அதற்குள் கித்தான் துணியைத் தொட்டிபோல இழுத்துக் கட்டி, கடல்நீரை நிரப்புவார்கள். நாலு கை வீசினால் மறுமுனையில் தலை முட்டும். உலகத்தின் தலைசிறந்த நீச்சல்காரர்கள் அதற்குள்தான் பயிற்சி செய்தாக வேண்டும். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நீந்துபவரின் இடுப்பில் பட்டை கட்டி, அதில் கயிறு பூட்டி, அவரை ஒரே இடத்தில் நிறுத்திவிடுவது. அதன்பின் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கையும் காலும் அடிக்கலாம். உடல் களைக்கும், மூச்சு வாங்கும், இடம் மட்டும் பெயராது.

இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில், ஐரோப்பாவில் நடந்த ஒலிம்பிக் போட்டிகளுக்கு அமெரிக்க வீரர்கள் கப்பலில்தான் போனார்கள். அட்லாண்டிக்கைக் கடக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், சில வேளை இரண்டு வாரம்கூட. தாங்குதிறன் என்பது வங்கியில் போட்டுவைத்த பணம் அல்ல. பயிற்சியை நிறுத்திய இரண்டே வாரத்தில், உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் சரியத் தொடங்கிவிடும். போதாக்குறைக்குக் கப்பலில் வேளாவேளைக்கு விருந்து, சாய்வு நாற்காலி, இரவு நடனம். ஆகவேதான் அந்தத் தொட்டியும், தளத்தில் கார்க் பதித்த ஓடுபாதையும். ஓய்வுக்கென்று கட்டப்பட்ட ஒரு வெளியில் ஓயாமல் இருப்பது எப்படி என்பதே அவர்கள் முன் இருந்த சிக்கல்.

பெண்களுக்கு இந்தச் சிக்கல் வேறு மாதிரி இருந்தது. தளத்தில் ஓடலாமா, தொட்டியில் இறங்கலாமா, எந்த உடையில், யார் பார்க்க, யார் காவலில் என்ற கேள்விகளையெல்லாம் கடந்த பிறகுதான் அவர்களால் களைப்பைப் பற்றி யோசிக்க முடிந்தது. விளையாட்டு வரலாறுகள் கப்பல் பயணத்தைப் பெரும்பாலும் வேடிக்கைக் கதையாகச் சொல்லிவிட்டு மைதானத்துக்குப் போய்விடுகின்றன. பெண்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் கப்பலிலேயே கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது.

தமிழ் படித்தவர்களுக்குக் கடலும் பெண்ணும் என்றதும் தொல்காப்பிய அகத்திணையியல் நினைவுக்கு வரும். கடல்வழிச் செலவில் பெண்ணை உடன்கொண்டு போகும் வழக்கம் இல்லை என்று அங்கே ஒரு சூத்திரம் சொல்கிறது. அதற்குப் பொருள் கொள்வதில் உரையாசிரியர்கள் வேறுபடுவார்கள். ஆனாலும் பரவலான வாசிப்பு இதுதான். ஆண் பொருள் தேடிக் கடல் கடப்பான், பெண் கரையில் காத்திருப்பாள். அந்தக் காத்திருப்பை நம் மரபு 'ஆற்றியிருத்தல்' என்று போற்றியது. தாங்குவது பெண்ணின் இயல்பு, அதற்குப் பயிற்சி எதற்கு என்பது இதன் உட்கிடை. நம் மண்ணுக்கு மட்டும் உரிய எண்ணம் அல்ல இது. சலவையும் பேறுகாலமும் ஆலை வேலையும் பெண்ணால் தாங்கக்கூடியவை என்று நம்பிய அதே மேற்குலகம், அரை மைல் ஓட்டம் அவளைக் கொன்றுவிடும் என்றும் நம்பியது. பொறுமையைக் கடமையாக்கிய சமூகங்கள் தாங்குதிறனை ஆணுக்கு ஒதுக்கிவைத்தன. கப்பல் தளத்தில் இந்த இரண்டும் நேருக்கு நேர் சந்தித்தன.

1912ஐ எடுத்துக்கொள்வோம். அந்த ஏப்ரலில் புறப்பட்ட டைட்டானிக்கில் முதல் வகுப்புப் பயணிகளுக்கு உடற்பயிற்சிக்கூடம் இருந்தது. மின்சாரத்தில் ஆடும் குதிரை, ஒட்டகம், துடுப்பு இயந்திரம், நகராத மிதிவண்டி எல்லாம் உண்டு. பெண்களுக்குக் காலை, ஆண்களுக்குப் பிற்பகல் என்று நேரம் பிரித்திருந்தார்கள். சீமாட்டிகள் மின்குதிரையில் ஆடிக்கொண்டிருந்த வேளையில் வயலட் ஜெஸ்ஸாப் போன்ற பணிப்பெண்கள் அறைகளைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தார்கள். நாள் முழுதும் படியேறி இறங்கிய அந்தக் கால்களின் உழைப்பை யாரும் பயிற்சி என்று அழைக்கவில்லை.

அதே ஆண்டு ஜூனில் 'ஃபின்லாந்து' என்ற கப்பல் அமெரிக்க அணியை ஏற்றிக்கொண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்குக்குக் கிளம்பியது. ஓடுபாதை, கித்தான் தொட்டி, கயிறு எல்லாம் இருந்தன. அணியில் ஒரு பெண்கூட இல்லை. பெண்களுக்கான நீச்சல் போட்டி ஒலிம்பிக்கில் முதன்முதலாக நடந்ததே அந்த ஆண்டுதான். ஆனால் அமெரிக்க அமெச்சூர் விளையாட்டைத் தன் பிடியில் வைத்திருந்த ஜேம்ஸ் சல்லிவன், பெண்கள் பொதுவில் போட்டியிடுவதையே எதிர்த்தவர்.

உலகின் மறுகோடியிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். சிட்னியின் ஃபேனி டுராக்கும் மினா வைலியும். அவர்களை அனுப்பத் தயங்கியவர்களில் ஆண் நிர்வாகிகள் மட்டுமல்ல, ரோஸ் ஸ்காட்டும் இருந்தார். வாக்குரிமைக்காகப் போராடிய முன்னோடிப் பெண்ணியவாதி அவர். நியூ சவுத் வேல்ஸ் பெண்கள் நீச்சல் சங்கத்தின் தலைவியாக, ஆண்கள் பார்க்கும் இடத்தில் பெண்கள் போட்டியிடக் கூடாது என்ற விதியை விடாமல் காத்தார். விதி தளர்ந்தபோது பதவி விலகினார். அவரை எளிதாகப் பழித்துவிட முடியாது. ஆணின் பார்வை பெண்ணுடலை என்ன செய்யும் என்று அறிந்தவர் அவர். ஆனால் அந்தப் பார்வைக்கான தண்டனையை அவர் நீந்தியவளுக்குக் கொடுத்தார். பாதுகாப்பு என்ற பெயரில் பெண்ணையே உள்ளே வைத்துப் பூட்டும் இந்தத் தர்க்கம் நம் கல்லூரி விடுதிகளில் இன்றும் உயிரோடு இருப்பதை வாசகர்கள் அறிவார்கள்.

செலவுக்குப் பணம் திரட்டி, டுராக் தன் அக்காவையும் வைலி தன் தந்தையையும் துணையாகக் கொண்டு போனார்கள். 100 மீட்டரில் டுராக் தங்கமும் வைலி வெள்ளியும் வென்றார்கள். பெண்களுக்கு இருந்த இன்னொரு நீச்சல் போட்டி நால்வர் தொடர் நீச்சல். இருவர் மட்டுமே வந்திருந்த அவர்கள், ஆளுக்கு இரண்டு முறை நாங்களே நீந்துகிறோம் என்று கேட்டார்கள். அனுமதி கிடைக்கவில்லை. பெண்ணுடலுக்குத் தாங்கும் வலு உண்டா என்று உலகம் விவாதித்துக்கொண்டிருந்தபோது, இரண்டு பெண்கள் இரட்டைப் பங்கு கேட்டு நின்றிருக்கிறார்கள்.

1914இல் சல்லிவன் இறந்தார். அதன்பின் அமெரிக்காவில் கதவு சற்றே திறந்தது. 1917இல் நியூயார்க்கில் நீதிமன்றச் சுருக்கெழுத்தராக வேலைபார்த்த ஷார்லட் எப்ஸ்டைன் பெண்கள் நீச்சல் சங்கத்தைத் தொடங்கினார். மூன்றே ஆண்டுகளில் அந்தச் சங்கத்துப் பெண்கள் ஒலிம்பிக் கப்பலில் ஏறினார்கள். 1920இல் அவர்கள் ஏறிய 'பிரின்சஸ் மட்டோய்க்கா' ஒரு ராணுவப் போக்குவரத்துக் கப்பல். முதல் உலகப் போரில் இறந்த சிப்பாய்களின் உடல்களை அப்போதுதான் கொண்டுவந்து இறக்கியிருந்தது. ஏறக்குறைய இரண்டு வாரப் பயணம். இட நெருக்கடியும் மோசமான சாப்பாடும் தாங்காமல் ஆண் வீரர்கள் கலகமே செய்தார்கள். பெண்களுக்குக் கொஞ்சம் நல்ல அறைகள் கிடைத்தன. பயிற்சிக்கு அதே கித்தான் தொட்டிதான். கப்பல் ஒருபக்கம் சாய்ந்தால் தண்ணீரும் அதோடு சாயும்.

அந்தத் தொட்டியைக் கடந்து ஆண்ட்வெர்ப்பில் இறங்கிய எதெல்டா பிளைப்ட்ரே, பெண்களுக்கு இருந்த மூன்று நீச்சல் போட்டிகளிலும் தங்கம் வென்றார். போலியோவிலிருந்து மீள நீச்சலுக்கு வந்தவர் அவர். கடற்கரையில் காலுறையைக் கழற்றிவிட்டு நீந்தியதற்காக, முந்தைய ஆண்டு அவர்மீது 'நிர்வாண நீச்சல்' குற்றம் சுமத்தப்பட்டிருந்தது. பதினான்கு வயது ஐலீன் ரிகின் நீர்ப்பாய்ச்சலில் தங்கம் வென்றார். ஆனால் பெண்களுக்கான மிக நீண்ட நீச்சல் 300 மீட்டர்தான். ஆண்கள் 1908இலிருந்தே 1500 மீட்டர் நீந்திக்கொண்டிருந்தார்கள்.

1924இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்கு 'அமெரிக்கா' என்ற கப்பல். மீண்டும் தொட்டி, மீண்டும் கயிறு. அதில் பயணம் செய்தவர்களில் ஒருவர் கெர்ட்ரூட் எடெர்லே. பாரிஸில் ஒரு தங்கமும் இரண்டு வெண்கலமும் கிடைத்தன. அவருக்கு அது போதவில்லை. அவர் உடல் நீண்ட தூரத்துக்கானது, ஒலிம்பிக்கோ பெண்களுக்கு 400 மீட்டருக்கு மேல் தர மறுத்தது. அடுத்த ஆண்டு ஆங்கிலக் கால்வாயில் இறங்கினார். பாதி வழியில் பயிற்சியாளர் ஜேபஸ் வுல்ஃப் அவர் மூழ்குவதாகச் சொல்லி ஆள்விட்டுத் தொடச் செய்தார். தொட்டால் முயற்சி செல்லாது என்பது விதி. தான் மூழ்கவில்லை, இளைப்பாறிக்கொண்டிருந்தேன் என்றார் எடெர்லே. அந்தப் பயிற்சியாளரோ பல முறை முயன்றும் கால்வாயை ஒருமுறைகூடக் கடக்காதவர்.

1926 ஆகஸ்ட் 6 அன்று, வேறொரு பயிற்சியாளரோடு, அக்காவும் அவருமாக வடிவமைத்த இரட்டைத் துண்டு நீச்சலுடையில், எடெர்லே மீண்டும் இறங்கினார். 14 மணி நேரம் 31 நிமிடத்தில் இங்கிலாந்துக் கரையேறினார். அவருக்கு முன் கடந்தவர்கள் ஐந்து பேர், ஐவரும் ஆண்கள். அவர்களில் மிக விரைவானவரைவிட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முந்தினார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் கயிற்றில் கட்டுண்டு தொட்டியில் நீந்திய உடல்தான் அது. கயிறு அவிழ்ந்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சான்று கிடைத்துவிட்டால் அதிகாரம் மனம் மாறிவிடும் என்று நாம் நம்புகிறோம். 1928 ஆம்ஸ்டர்டாம் அந்த நம்பிக்கைக்கு நல்ல மறுப்பு. அமெரிக்க அணி துறைமுகத்தில் நின்ற தன் கப்பலிலேயே தங்கிப் போட்டிகளுக்குப் போய்வந்தது. பெண்களுக்கான தடகளம் ஒலிம்பிக்கில் முதன்முதலாக நடந்த ஆண்டு. 800 மீட்டர் இறுதியில் ஜெர்மனியின் லினா ராட்கே உலகச் சாதனையோடு வென்றார், ஜப்பானின் கினுயே ஹிதோமி இரண்டாவது. ஓடிய ஒன்பது பேரும் எல்லையைத் தொட்டார்கள். பத்திரிகைகளோ பெண்கள் பாதியிலேயே கொத்தாகச் சுருண்டு விழுந்ததாக எழுதின. ஓடி முடித்த ஆண் தரையில் சாய்ந்தால் அது வீரம், பெண் சாய்ந்தால் மருத்துவச் சான்று. அந்த ஓட்டம் ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டது. திரும்பி வந்தது 1960இல், 32 ஆண்டுகள் கழித்து.

1936இல் 'மன்ஹாட்டன்' கப்பல் பெர்லின் ஒலிம்பிக்குக்குப் போனது. முந்தைய ஒலிம்பிக்கில் மல்லாந்த நீச்சலில் தங்கம் வென்ற எலினோர் ஹோமும் அதில் இருந்தார். நிர்வாகிகளும் பத்திரிகையாளர்களும் முதல் வகுப்பில் விருந்தாடினார்கள். அவர்களோடு ஷாம்பெயின் குடித்ததற்காக ஹோம் அணியிலிருந்து நீக்கப்பட்டார். சக வீரர்கள் 200 பேருக்கு மேல் கையெழுத்திட்டு முறையிட்டும் ஏவரி பிரண்டேஜ் இறங்கிவரவில்லை. கப்பலில் குடித்தவள் தான் ஒருத்தி மட்டுமல்ல என்று ஹோம் பிற்காலத்தில் சொல்லிவந்தார். குடி பயிற்சிக்கு உகந்தது என்று வாதிட நான் வரவில்லை. பெண்கள் அணிக்கென்று கூடவே ஒரு காவல் மாது இருந்தார், கண்காணிக்க. ஓய்வெடுக்கும் பெண்ணும் குற்றவாளி, ஓயாத பெண்ணும் குற்றவாளி என்ற இரட்டைப் பிடி அந்தப் பயணத்தில் தெளிவாகத் தெரிகிறது.

அதே கப்பலில் இன்னும் இருவர் இருந்தார்கள், டைடி பிக்கெட்டும் லூயிஸ் ஸ்டோக்ஸும். இருவரும் கறுப்பினத்தவர். 1932இலேயே தொடர் ஓட்ட அணிக்குத் தேர்வாகி, கடைசி நேரத்தில் வெள்ளைப் பெண்களுக்காக ஒதுக்கப்பட்டவர்கள். ஸ்டோக்ஸின் பயணச் செலவுக்கு அவருடைய ஊரான மால்டன் மக்கள் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். பெர்லினில் பிக்கெட் தடை ஓட்டத்தில் ஓடி, ஒலிம்பிக்கில் பங்கேற்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் ஆனார். பாதியில் கால் முறிந்தது. ஸ்டோக்ஸ் இம்முறையும் ஓடவிடப்படவில்லை. ஹோமின் கதை உலகம் முழுக்கப் பேசப்பட்டது, இவர்களுடையது பல பத்தாண்டுகள் பேசப்படவே இல்லை. பெண்கள் என்ற ஒற்றைச் சொல்லால் கப்பலின் எல்லாத் தளங்களையும் மூடிவிட முடியாது.

பிறகு விமானம் வந்தது, கித்தான் தொட்டி மறைந்தது. தூரம் மட்டும் மெதுவாகவே கூடியது. பெண்களுக்கான மராத்தான் ஒலிம்பிக்கில் சேர்ந்தது 1984இல். 1500 மீட்டர் நீச்சல் சேர்ந்தது 2021இல் நடந்த டோக்கியோ போட்டியில். ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையே நூறு ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி.

இன்று கப்பல் மறுபடி வந்திருக்கிறது, உல்லாசப் பயணமாக. 2022இல் சென்னைத் துறைமுகத்திலிருந்தே ஒன்று புறப்பட்டது. பெரிய உல்லாசக் கப்பல்களின் மேல்தளத்தில் ஓடுபாதை இருக்கிறது, ஒரு மைலுக்குப் பல சுற்று வர வேண்டும். கூடத்தில் டிரெட்மில் இருக்கிறது, கால் ஓட இடம் பெயராத அதே பழைய ஏற்பாடு. மராத்தானுக்குப் பயிற்சி செய்யும் ஒரு பெண் குடும்பத்தோடு போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். விடியலில் எழுந்து ஓட அவளுக்கு இயந்திரம் தடையில்லை. பிள்ளைக்குப் பால் யார் கொடுப்பது, மாமியாரை உணவுக்கூடத்துக்கு யார் அழைத்துப் போவது, விடுமுறையில்கூட உனக்கு என்ன ஓட்டம் என்ற கேள்விக்கு என்ன பதில் என்பவைதான் தடை. கணவர் ஓடப் போனால் அது கட்டுப்பாடு, அவள் போனால் தன்னலம்.

அவள் ஓடும் தளத்தை அதற்கும் முன்னே எழுந்து துடைத்து வைத்தவர்களில் ஒரு பெண்ணும் இருக்கலாம். அவளுக்கு அந்தப் பாதையில் ஓட நேரமில்லை, பெரும்பாலும் அனுமதியும் இல்லை. தாங்குதிறனின் வரலாற்றை எழுதும்போது எத்தனை மீட்டர், எத்தனை நிமிடம் என்பதோடு யாருடைய நேரம், யாருடைய தளம் என்பதையும் சேர்த்து அளக்க வேண்டியிருக்கிறது.