புட்டியின் மேல் ஒரு பெயர்

புட்டியின்மேல் ஒட்டப்படும் சிறு தாள் ஒன்றைப் பற்றிக் கட்டுரை வரைவது சிலருக்கு வியப்பளிக்கலாம். அதுவும் பீர்ப் புட்டி என்றால் முகம் சுளிப்போரும் இருப்பர். மது எத்தனையோ இல்லங்களைச் சிதைப்பதைப் பங்குத்தளங்களில் நாம் கண்ணாரக் காண்கிறோம். எனவே குடியைப் புகழ்வது நம் நோக்கமன்று. ஒரு பொருளுக்கு இடப்படும் பெயருக்கும் அப்பொருளின் உண்மைக்கும் உள்ள உறவை விளக்கும் வரலாறு ஒன்று அத்தாளில் அடங்கியுள்ளது. அதையே இங்கு எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

இங்கிலாந்தில் வீட்டில் பீர் தயாரிக்க 1963ஆம் ஆண்டு வரை உரிமம் பெற வேண்டியிருந்தது. அமெரிக்காவிலோ, 1933இல் மதுவிலக்கு நீங்கிய பின்னும் வீட்டுப் பீருக்குச் சட்டம் இடந்தரவில்லை. 1978 அக்டோபரில் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டமே அந்த உரிமையை வழங்கியது. வயது வந்தோர் இருவர் உள்ள இல்லம் ஆண்டுக்கு 200 காலன் வரை தயாரிக்கலாம். ஆனால் விற்றல் கூடாது.

விற்பனைக்கே வராத இப்புட்டிகளுக்கும் வீட்டார் லேபிள் வரைந்தனர். முதற்காரணம் எளியது. முளைகட்டிய பார்லியும் ஹாப்ஸும் நீரும் ஈஸ்டும் சேர்ந்து நொதித்தபின், புட்டியில் அடைத்துச் சில வாரம் காத்திருக்க வேண்டும். பழுப்புநிறப் புட்டிகள் எல்லாம் ஒன்றுபோல் தோன்றும். எது எந்த நாளில் அடைத்தது, எது கடுமையானது என்று எழுதி வைத்தாலன்றித் தெரியாது. நாளும் அளவும் எழுதியவர்கள், பின்னர் பெயரும் சூட்டினர், படமும் வரைந்தனர், திருமணம், பிறந்தநாள் போன்ற இல்ல நிகழ்வுகளைப் பொறித்தனர். ஒட்டுவதற்கு அவர்கள் கையாண்ட எளிய பசை பால். பாலில் நனைத்த தாள் உலர்ந்ததும், அதிலுள்ள கேசின் என்னும் புரதத்தால் கண்ணாடியைப் பற்றிக்கொள்ளும். நீரில் ஊறவைத்தால் எளிதில் கழன்றுவிடும். புட்டி அடுத்த முறைக்கு ஆயத்தமாகிவிடும்.

இந்த வீட்டு லேபிள் பொய் சொல்லத் தேவையில்லை. செய்தவரும் பருகுபவரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். செய்தவரைக் காணாத ஒருவர் வாங்கும்போதுதான் பெயருக்குக் காவல் தேவைப்படுகிறது. பிரித்தானியாவில் 1875இல் வணிகச் சின்னங்களைப் பதிவுசெய்யும் சட்டம் பிறந்தது. அது 1876 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தபோது, முதலாம் எண்ணாகப் பதிவானது பாஸ் நிறுவனத்தின் பீர் லேபிளில் இருந்த சிவப்பு முக்கோணம். பிரெஞ்சு ஓவியர் மனே 1882இல் தீட்டிய, பாரிஸ் மதுக்கூடம் ஒன்றைக் காட்டும் ஓவியத்திலும் அந்த முக்கோணத்தைக் காணலாம். அத்துணை தொலைவு பரவிய சின்னத்தைப் போலி செய்வோரும் பலராயினர்.

பொருள்களின் பெயரைப் போலவே துறவியரின் பெயரும் களவு போனது. பிரான்சின் லா டிராப் மடத்தில் 17ஆம் நூற்றாண்டில் எழுந்த சீர்திருத்தத்தால் டிராப்பிஸ்ட் என்று பெயர்பெற்ற துறவியர், புனித ஆசீர்வாதப்பரின் ஒழுங்குப்படி கையால் உழைத்து வாழ்பவர்கள். அந்த ஒழுங்கின் 57ஆம் அதிகாரம் மடத்துக் கைவினைஞரைப் பற்றியது. தம் திறமையால் செருக்குறுபவர் அத்தொழிலிலிருந்து விலக்கப்பட வேண்டும். விற்பனையில் வஞ்சனை கூடாது. விலையும் உலகத்தார் விலையைவிடச் சற்றுக் குறைந்திருக்க வேண்டும் என்பது அதன் கருத்து. ஏமாற்றிய அனனியா, சப்பிராவின் முடிவையும் அது நினைவூட்டுகிறது.

பெல்ஜிய நாட்டு மடங்களின் பீர் நற்பெயர் பெற்றதும், மடத்தோடு தொடர்பே இல்லாத வணிகரும் தம் லேபிள்களில் டிராப்பிஸ்ட் என்று அச்சிட்டனர். துறவியர் வழக்காடினர். டிராப்பிஸ்ட் துறவியரோடு தொடர்பற்றவர் அப்பெயரை வணிகத்துக்குப் பயன்படுத்தலாகாது என்று 1962இல் கென்ட் நகர வணிக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1997இல் எட்டு மடங்கள் இணைந்து சங்கம் அமைத்து, அறுகோண முத்திரை ஒன்றை உருவாக்கின. அதைப் பெறும் பீர் மடத்துச் சுவர்களுக்குள், துறவியராலோ அவர்தம் மேற்பார்வையிலோ உருவாக வேண்டும். மடத்து வாழ்வுக்கு அத்தொழில் அடங்கியிருக்க வேண்டும். வருவாய் துறவியரின் பிழைப்புக்குப் போக எஞ்சியது அறப்பணிக்குச் செல்ல வேண்டும்.

இவ்விதி வெறும் ஏட்டளவில் நிற்கவில்லை. பெல்ஜியத்தின் ஆகல் மடத்தில் துறவியர் குறைந்து, இறுதியில் அங்கு வாழ்வோர் எவரும் இல்லாமற் போனதும், 2021இல் அதன் பீர் அம்முத்திரையை இழந்தது. பீர் மாறியதனால் அன்று. சுவரும் கொப்பரையும் இருந்த இடத்திலேயே இருந்தன. உள்ளே செபித்து வாழ்ந்தவர்கள் இல்லை. இல்லாத ஒன்றை இருப்பதாக லேபிள் சொல்லலாகாது என்பதே அதன் பொருள். அதை முத்திரைக்கு ஏற்பட்ட இழப்பென்று நாம் கருதவில்லை. முத்திரையின் நேர்மைக்குக் கிடைத்த சான்று என்றே கருதுகிறோம்.

வெஸ்ட்ஃப்ளேடெரன் என்னும் ஊரிலுள்ள புனித சிக்ஸ்துஸ் மடம் இன்னும் ஒருபடி சென்றது. 1831இல் தோன்றிய இம்மடம் சில ஆண்டுகளில் பீர் தயாரிக்கத் தொடங்கியது. 1945க்குப் பின் பல பத்தாண்டுகள் அதன் புட்டிகளில் தாளே ஒட்டப்படவில்லை. சட்டம் கேட்ட விவரங்கள் சிறு மூடியில் அடங்கின. மூடியின் நிறமே வகையைச் சொன்னது. 2005இல் சுவைஞர்கள் இதையே உலகின் தலைசிறந்த பீர் எனப் பறைசாற்ற, மடத்து வாயிலில் வண்டிகள் நீண்ட வரிசையில் நின்றன. துறவியர் உற்பத்தியைப் பெருக்க மறுத்தனர். துறவு வாழ்வுக்குத் தேவையான அளவே பீர். பீருக்காகத் துறவு இல்லை என்பது அவர்கள் நிலை.

நமக்கும் ஒரு பெயர் உண்டு. திருமுழுக்கில் அதைப் பெற்றோம். குடும்ப அட்டையிலும் பங்குப் பதிவேட்டிலும் அது எழுதப்பட்டிருக்கிறது. அப்பெயர் நம்மில் வாழும் ஒன்றைச் சுட்டுகிறதா, அல்லது துறவியர் நீங்கிய மடத்துச் சுவரையா? உயிருள்ளதாகப் பெயர்பெற்று உள்ளே இறந்துகிடந்த சர்தை நகரத் திருச்சபைக்கு விடுக்கப்பட்ட எச்சரிக்கை நம்மையும் தொடுகிறது. தன் மேசையில் அமர்ந்து, பாலில் நனைத்த தாளில் நாளையும் அளவையும் உள்ளபடி எழுதும் அந்த வீட்டுக்காரர் நமக்கு ஒன்று கற்பிக்கிறார்: அழகிய பெயரைப் பின்னர் சூட்டலாம், உள்ளே இருப்பது எதுவென்று முதலில் உண்மையாய் எழுதுவோம்.