மணலும் வலைப்பக்கமும்

நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் முதன்முதலில் எழுதிப் பழகியது மணலில்தான். விரலால் எழுதுவார்கள், ஆசிரியர் பார்ப்பார், அடுத்த எழுத்துக்காக மணலைத் தடவிச் சமப்படுத்துவார்கள். ஏடும் எழுத்தாணியும் பின்னரே கைக்கு வரும். முன்னே கற்ற சட்டாம்பிள்ளை, பின்னே வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பான்.

சென்னை எழும்பூரில் 1789-இல் தொடங்கிய ஆண் அநாதைப் பிள்ளைகள் விடுதியை மேற்பார்த்தவர் ஆண்ட்ரூ பெல் பாதிரியார். மணலில் எழுதும் இம்முறையைக் கண்டு அவர் தம் பள்ளியிலும் புகுத்தினார்; பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கற்பிக்கவும் செய்தார். 1797-இல் இலண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். 'சென்னை முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் பரவிற்று.

மணலுக்கு ஒரு குறை உண்டு. எழுதியது நிற்பதில்லை; ஆசிரியரைத் தவிர அதற்கு வாசகர் இல்லை. பிரான்சு நாட்டில் செலஸ்டின் ஃபிரனே என்னும் கிராமப் பள்ளி ஆசிரியர் 1920-களில் வகுப்பறையில் ஓர் அச்சுப்பொறியை வைத்தார். பிள்ளைகள் தாம் கண்டதை எழுதித் தாமே அச்சுக் கோத்து, வேற்றூர்ப் பள்ளிக்கு அனுப்பினார்கள். நம் பள்ளிகளின் கையெழுத்துப் பத்திரிகைக்கும் நோக்கம் இதுவே. தன் எழுத்தைப் பிறர் படிப்பார் என்றறிந்த பிள்ளை, பிழையைத் தானே தேடித் திருத்துகிறது. இன்றைய வகுப்பு வலைப்பக்கம் இம்மரபின் இளைய பிள்ளை எனலாம்.

தமிழ்நாட்டில் 2018-இல் வந்த புதிய பாடநூல்கள் கியூ.ஆர். குறியீடு தாங்கி வந்தன. 2019-இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டன. தொடக்க வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறந்தன. இடைப்பட்ட காலத்தில் திரையே வகுப்பறையாயிற்று.

அப்போது நிலக்கோட்டைப் பக்கத்தில் நான் கண்டதைச் சொல்ல வேண்டும். விடியுமுன் மல்லிகை பறிக்கச் செல்லும் தாயோடு வீட்டின் ஒரே கைப்பேசியும் போய்விடும். பாடம் காலையில் வரும். கைப்பேசி பொழுது சாய்ந்து வரும். ஓய்வுபெற்ற ஆசிரியனான எனக்கு அது பெரும் வேதனை. பிள்ளைக்கு அறிவு குறையவில்லை; வாயில்தான் அடைபட்டிருந்தது.

2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தில் தன்னார்வலர்கள் மாலைதோறும் தெருப் பிள்ளைகளைக் கூட்டி உட்கார்த்திச் சொல்லிக்கொடுத்தார்கள். பழைய திண்ணையும் சட்டாம்பிள்ளையும் திரும்பி வந்தது போலிருந்தது எனக்கு.

ஆகவே வலைப்பக்கம் வேண்டாமா? வேண்டும். ஆனால் எழுதுவது வகுப்பில், எல்லாரும் கூடி நடக்கட்டும். ஏற்றுவதற்கு ஆசிரியரின் ஒரு கருவி போதும். பிள்ளையின் படமும் முழுப்பெயரும் ஊரறிய வேண்டா. ஏற்றிய பக்கத்தின் படி ஒன்று வகுப்புச் சுவரிலும் தொங்கட்டும். கைப்பேசி இல்லாத வீட்டுத் தாயும் வந்து பார்ப்பாள். மணல் எல்லாப் பிள்ளைக்கும் கிடைத்தது. வலைப்பக்கமும் அவ்வாறே கிடைக்குமாயின், அதுவும் நல்ல பள்ளிக்கருவியே.