வீட்டு வண்டியும் பந்தய மைதானமும்

அன்னூரில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் வேப்பமரத்து நிழலில் கார் நின்றது. அதன் பின் ஆசனமோ திண்ணையில் கிடந்தது. அதன்மேல் நண்பருடைய தாயார் சாவகாசமாக உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. கல்லூரியில் படிக்கும் பேரனுடைய கால்கள்.

"பாருங்க தம்பி, ஞாயித்துக்கிழமை செட்டிபாளையத்துப் பந்தய ரோட்டுல இதை ஓட்டப் போறானாமா. திங்கக்கிழமை நானு எதுல உக்காந்து அவினாசி கோயிலுக்குப் போறது?" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். ஆனால், தமிழ்நாட்டு மோட்டார்ப் பந்தயத்தின் சரித்திரத்தில் பாதி அந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கிறது.

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலக யுத்தத்துக்காக ஓர் விமான ஓடுதளம் போட்டிருந்தார்கள். யுத்தம் முடிந்து விமானங்கள் போயின. 1950களில் கார்கள் வந்தன. மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953இல் தோன்றியது. அயல்நாட்டுக் கார்களைத் தருவிப்பது குதிரைக்கொம்பாக இருந்த காலம் அது. பந்தயத்துக்கென்று வண்டிக்கு எங்கே போவது? டாக்டர் நோயாளியைப் பார்க்கப் போகும் ஃபியட், கல்யாணத்துக்கு எட்டுப் பேரை அடைத்துச் செல்லும் அம்பாசிடர், ஸ்டாண்டர்டு ஹெரால்டு இவையே பந்தயக் குதிரைகள் ஆயின.

பட்டறையில் முதலில் கழன்றது சௌகரியம்தான். ஆசனம், கம்பளம், பம்பர் எல்லாம் இறங்கின. மேடு பள்ளம் தெரியாமல் தாலாட்டும் மெத்தென்ற ஸ்பிரிங்குகள் வளைவில் வண்டியைச் சாய்த்துவிடும். ஆகவே அவற்றை விறைப்பாக்கினார்கள். சிலிண்டர் தலையைச் சீவி அழுத்தத்தைக் கூட்டினார்கள். பெரிய கார்புரேட்டர் பொருத்தினார்கள்.

ஆனால் ஓடுவதைவிட நிற்பதல்லவா பெரிய வித்தை! வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் தாங்க வேண்டிய சூடு நான்கு மடங்காகிறது. பிரேக் ஆயில் நாளடைவில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அந்தப் பழைய ஆயில் சூட்டில் கொதித்து ஆவியானால், மிதித்த கால் தரையைத் தொடும், வண்டியோ நிற்காது.

கோயம்புத்தூருக்கு இந்தக் கதையில் தனி இடம் உண்டு. மில்லும் வார்ப்புப் பட்டறையும் லேத்தும் நிறைந்த ஊரல்லவா? இங்கே ஆலைக் குடும்பத்தில் பிறந்த கரிவரதன், 1980களின் இறுதியில், மாருதி 800இன் 796 சி.சி. எஞ்சினை எடுத்து, ஒருவர் மட்டுமே அமரும் பந்தய வண்டியை உருவாக்கினார். குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடும் எஞ்சின்! அந்த ஃபார்முலா மாருதியில் பந்தய வாழ்வைத் தொடங்கிய கோவைப் பிள்ளை நரேன் கார்த்திகேயன், 2005இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். கரிவரதன் அதைப் பார்க்கவில்லை. 1995இல் சிறு விமான விபத்தில் மறைந்துவிட்டார். செட்டிபாளையத்துப் பந்தயத் தடம் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

காரின் அடியிலிருந்து வெளியே வந்த பையனைக் கேட்டேன்: "எஞ்சினில் என்ன செய்தாய்?"

"அதைத் தொடவே இல்லீங் மாமா. பிரேக் ஆயிலும் பேடும் புதுசா மாத்தினேன். டயர் பார்த்தேன். சீட்டு வெயிட்டுனு கழட்டினேன், அவ்வளவுதானுங்."

எனக்கு நிம்மதியாயிற்று. சீவிய சிலிண்டர் தலையைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது. கழற்றிய ஆசனத்தை நான்கு போல்ட்டில் மாட்டிவிடலாம். வீட்டு வண்டி வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

பாட்டிக்கு மட்டும் திருப்தியில்லை. "ஓடறதுக்கு ஒண்ணுஞ் செய்யலே, நிக்கறதுக்கா இத்தனை செலவு?" என்றார்.

"ஆமாம் அம்மா. திங்கட்கிழமை அவினாசி ரோட்டில் எதிரே லாரி வந்தால் அந்தச் செலவுதான் உங்களைக் காப்பாற்றும்" என்றேன்.

சற்று யோசித்தார். "அப்படீன்னா சீட்டை மாட்டறப்போ அதைக் கழட்டிப்போடாதே, கண்ணு" என்றார் பேரனிடம்.