இலவசக் கைபேசி ஆட்டங்கள்: வருவாய்முறையும் ஆடுவோர் கருத்தும்

பதிவிறக்கம் இலவசம், வருவாய் ஆட்டத்தினுள்ளே விற்கும் பொருள்களிலிருந்து வருகிறது. இலங்கையில் நன்கு அறியப்பட்டவை ஃப்ரீ ஃபயர் (2017), பப்ஜி மொபைல் (2018). பப்ஜியின் துப்பாக்கித் தோல்கள் (புறத்தோற்றங்கள்) வெறும் அலங்காரமே என்பதால் ஆடுவோர் பெரும்பாலும் பொறுத்துக்கொள்கின்றனர். ஃப்ரீ ஃபயரிலோ, காசுக்கு வாங்கும் 'வைரம்' கொடுத்துப் பெறும் பல தோல்கள் துப்பாக்கியின் தாக்குதிறனையோ சுடும் வேகத்தையோ கூட்டுகின்றன. 'காசுள்ளவனுக்கே வெற்றி' என்ற கசப்பு இங்கேதான் பிறக்கிறது; அது நியாயமான கசப்பு. இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 2021இல்தான் 1,000 ரூபாயை எட்டியது. எனவே கலஹா போன்ற தேயிலை ஊர்ப் பிள்ளைக்கு இப்போட்டி தொடக்கத்திலேயே சமமற்றது.

அதிர்ஷ்டப் பெட்டிகள் மீதான எதிர்ப்பு இன்னும் கடுமையானது: என்ன கிடைக்கும் என்று தெரியாமலே பணம் கட்ட வேண்டும். பெல்ஜியம் 2018இல் இவற்றைச் சூதாட்டமாக வகைப்படுத்தியது. இந்தியா பப்ஜியை 2020இலும் ஃப்ரீ ஃபயரை 2022இலும் தடுத்தது. ஆனால் காரணம் தரவுப் பாதுகாப்பு, விற்பனைமுறை அல்ல.