அமைதிப்படையில் செத்தது யார்?

சிவகாசிப் பக்கம் தீபாவளி என்றால் ஒரு வருட உழைப்பு ஒரே நாளில் வெடித்துத் தீர்வது. 1987இல் அந்த நாள் அக்டோபர் 21. அன்றுதான் யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் இந்திய அமைதி காக்கும் படை நுழைந்தது. மருத்துவர்கள், செவிலியர்கள், படுக்கையில் கிடந்த நோயாளிகள் என 60க்கும் மேற்பட்டோர் அன்றும் மறுநாளும் கொல்லப்பட்டார்கள். உள்ளேயிருந்து புலிகள் சுட்டார்கள் என்றது ராணுவத் தரப்பு. செத்தவர்களோ அங்கே வேலை பார்த்தவர்களும் வைத்தியத்துக்கு வந்தவர்களும்.

இந்தப் போரைப் பற்றி நம் மேடைகளில் இரண்டு பேச்சுகள்தான் அதிகம் கேட்கின்றன. ஒன்று தேசபக்தி, இன்னொன்று இனத்துரோகம். இரண்டிலும் சாதி வருவதில்லை. அதனால் நாம் அங்கிருந்தே தொடங்குவோம்.

ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் 1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ஒப்பந்தம் போட்டார்கள். போராளிகளிடம் ஆயுதங்களை வாங்கி வைத்து, இரு தரப்புக்கும் நடுவே நிற்கத்தான் படை போனது. அக்டோபரில் அதே படை புலிகளோடு நேரடிப் போரில் இறங்கியது. அக்டோபர் 11 இரவு, புலித் தலைமையைப் பிடிக்கும் திட்டத்தோடு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டர்களிலிருந்து வீரர்களை இறக்கினார்கள். விஷயம் தெரிந்து புலிகள் காத்திருந்தார்கள். சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரியின் 13ஆவது பட்டாலியனிலிருந்து 30 பேர் இறங்கியிருந்தார்கள். சுடப்பட்ட ஹெலிகாப்டர்களால் மிச்சப் பேரைக் கொண்டுவர முடியவில்லை. அந்த 30 பேரில் 29 பேர் இறந்தார்கள். ஒருவர் பிடிபட்டார்.

அந்த ரெஜிமென்ட் யாருடையது தெரியுமா? 1941இல் மஜ்ஹபி, ராம்தாசியா சீக்கியர்களுக்கென்று உருவாக்கப்பட்டது. அதாவது பஞ்சாபின் தலித்துகள். துப்புரவு, தோல் தொழில்களுக்குள் ஒடுக்கப்பட்டு, சீக்கியத்துக்குப் போன பிறகும் குருத்வாராவில் தள்ளியே வைக்கப்பட்டவர்களின் பிள்ளைகள். அதே 1941இல் அம்பேத்கரின் வற்புறுத்தலால் உருவானது மகர் ரெஜிமென்ட். அமைதிப்படை நடவடிக்கைக்காக வழங்கப்பட்ட ஒரே பரம்வீர் சக்ரா, அந்த ரெஜிமென்டின் மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுக்கு, 1987 நவம்பர் 25 அன்று இறந்த பிறகு, கிடைத்தது.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் 'போர்க்குணமுள்ள இனங்கள்' என்றொரு பொய்யைக் கட்டி, மகர்களையும் பறையர்களையும் படையிலிருந்து கழித்துக்கட்டினான் வெள்ளைக்காரன். பழையபடி உள்ளே போக நம்மவர்கள் மனு எழுதி மனு எழுதித்தான் ஜெயித்தார்கள். ஊரில் தண்ணீர்க் குவளை தனி என்றவனுக்கு, சட்டைக்கு மேல் ஒரு சீருடை, மாதச் சம்பளம், பென்ஷன். இதைச் சின்ன விஷயம் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். மருந்து செலுத்தும் அறையா, ஆள்சேர்ப்பு முகாமா என்று நிற்கும் பையன்களை எங்கள் வேலையில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். (2022க்குப் பிறகு அக்னிபாத்தில் நான்கே வருடம், பென்ஷன் கிடையாது.) ஆனால் உரிமையாகப் பெற்ற அந்தத் துப்பாக்கியை யார் மேல் திருப்புவது என்று தீர்மானித்த மேசையில் அவர்களுக்கு நாற்காலி இல்லை.

ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் அங்கே இறந்தார்கள். இறந்த பொதுமக்கள் ஆயிரக்கணக்கில். 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையில், புலிகளின் தாக்குதலில் ஆறு வீரர்கள் இறந்ததும், ஊர்க்காரர்கள் 50க்கும் மேற்பட்டோரைச் சுட்டுக்கொன்றார்கள். அதே வருடம் இந்தியாவின் ஆதரவோடு 'தமிழ்த் தேசிய இராணுவம்' என்று ஒன்று கட்டினார்கள். பள்ளிப் பையன்களைத் தெருவில் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்த்தார்கள். அமைதிப்படை கிளம்பியதும் அந்தப் பிள்ளைகள் புலிகளிடம் சிக்கினார்கள். பலர் கொல்லப்பட்டார்கள். இந்தப் பிள்ளைகளைப் பற்றி எந்தத் தரப்பும் வாய் திறப்பதில்லை.

1990 மார்ச் 24 அன்று கடைசிப் பிரிவு திருகோணமலையிலிருந்து கப்பலேறியது. தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்கப் போக மாட்டேன் என்றார் முதலமைச்சர் கருணாநிதி. அன்றைய தமிழ்நாட்டின் மனநிலை அதுதான். அந்த முடிவை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் அனுப்பியவர்கள் மேல் விழ வேண்டிய கோபத்தில் பெரும்பங்கு, போகச் சொன்ன இடத்துக்குப் போய் ஊனத்தோடு திரும்பிய சிப்பாய் மேல் விழுந்தது.

ஜூனில் மறுபடி போர். வசதி இருந்தவர்கள் கொழும்பு வழியாகக் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போனார்கள். இல்லாதவர்கள் படகேறி ராமேசுவரம் வந்து, மண்டபம் முகாமிலிருந்து மாவட்டம் மாவட்டமாகப் பிரிக்கப்பட்டார்கள். நம் விருதுநகருக்குப் பக்கத்திலேயே குல்லூர்சந்தை முகாம் இருக்கிறது. 1991இல் ராஜீவ் கொல்லப்பட்ட பிறகு முகாம்காரர்கள் எல்லோரும் சந்தேகத்துக்குரியவர்கள் ஆனார்கள். க்யூ பிரிவின் கண்காணிப்பும் தலை எண்ணிக்கையும் வாழ்க்கையின் பகுதியாயின.

முகாம்களில் இருப்போரில் ஒரு பகுதியினர் மலையகத் தமிழர்கள். தேயிலைத் தோட்டங்களுக்கு வெள்ளைக்காரன் கூட்டிப்போன கூலிகளின் வழிவந்தவர்கள். அந்தக் கூலிகளில் பெரும்பாலோர் பள்ளர், பறையர், சக்கிலியர். 1948இல் இலங்கை அவர்களின் குடியுரிமையைப் பறித்தது. 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் அவர்களைக் கேட்காமலேயே 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். இனக்கலவரத்துக்குப் பயந்து மலையை விட்டு வன்னிக்கு இறங்கியவர்களைப் போர் அங்கேயும் துரத்தியது. 2019 ஜூனில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, இவர்கள் இந்திய வம்சாவளியினர், குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலிக்க வேண்டும் என்றது. அதே டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் என்று மூன்று நாடுகளைச் சொன்னது. இலங்கையைச் சொல்லவில்லை.

1985 வரை விருதுநகரும் பழைய ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. தோட்டங்களுக்கு ஆள் போன மாவட்டங்களில் அதுவும் ஒன்று. தோழர்களே, களப்பணிக்கு முகாம்களுக்குப் போகும்போது, கேள்வித்தாளில் இருப்பதைக் கேட்டு முடித்த பிறகு, பாட்டன் பூட்டன் எந்த ஊரிலிருந்து தோட்டத்துக்குப் போனார்கள் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். ஊர்ப் பெயர் கிடைத்தால் எங்களுக்கு அனுப்புங்கள். குடியுரிமை மனுவுக்கு அது தேவைப்படும்.